காது பழகும் ஐந்தரை வருடம்

ஆசாரிப்பள்ளத்தில் மருத்துவக் கல்லூரிக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. மாடியில் இரண்டு அறைகளை மாணவர்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறோம். ஒரு செட் போனால் அடுத்த செட் வரும். அரசு மருத்துவமனைகளில் முப்பது வருடம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். டாக்டருக்குப் படிக்கும் பிள்ளைகளை வார்டிலும் பார்த்திருக்கிறேன், வீட்டிலும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சொந்தக்காரர்கள் யார் வந்தாலும் மாடிப்படியைப் பார்த்து ஒரே கேள்விதான் கேட்பார்கள்: "இந்தப் பிள்ளைகளுக்கு எப்பவும் புத்தகமும் கையுமா இருக்கதுதான் வேலையா?"

புத்தகம் உண்டு, தலையணை கனத்துக்கு உண்டு. ஆனாலும் இந்தப் படிப்பில் காதுக்குத்தான் வேலை அதிகம் என்பேன். வந்த புதிதில் ஒரு மாணவனின் காது கேட்பதற்கும், ஐந்தரை வருடம் கழித்து அதே காது கேட்பதற்கும் உள்ள வித்தியாசம்தான் இந்தப் படிப்பு. அந்தக் காதைப் பழக்குவதில் கல்லூரிக்கு எவ்வளவு பங்கோ, அவ்வளவு பங்கு இந்தக் குமரி மாவட்டத்துக்கும் உண்டு.

கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். எம்.பி.பி.எஸ். நாலரை வருடம், அதற்கு மேல் ஒரு வருடம் பயிற்சி மருத்துவராக மருத்துவமனையிலேயே வேலை. எங்கள் கல்லூரி 2001இல் வந்தது. குலசேகரத்தில் ஒரு தனியார் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கோட்டாறில் அரசு ஆயுர்வேதக் கல்லூரி, முஞ்சிறையில் சித்த மருத்துவக் கல்லூரி. சின்ன மாவட்டம்தான், ஆனால் மருத்துவம் படிக்கும் பிள்ளைகளுக்குக் குறைவில்லை. 180 கேள்வி, 720 மதிப்பெண் கொண்ட நீட் தேர்வைத் தாண்டி வருகிறவர்கள் இவர்கள். தருமபுரி, விழுப்புரம், ராமநாதபுரம் என்று எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள். 2020 முதல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள்ஒதுக்கீடு வந்த பிறகு, குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதிக்கிற பிள்ளைகளும் மாடியில் வந்து தங்குகிறார்கள். அதைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

முதல் வருடம் உடற்கூறு, உடலியங்கியல், உயிர்வேதியியல். பிணம் கெடாமல் இருக்கப் போடுகிற பார்மலின் நெடியில் கண்ணெல்லாம் எரிந்து சாயங்காலம் வீடு திரும்புவார்கள். எவ்வளவு சோப்புப் போட்டாலும் கையிலிருந்து அந்த வாடை போகாது. முதல் வாரம் சோற்றைப் பிசையவே முடியாமல் ஸ்பூன் கேட்ட பிள்ளைகள் உண்டு. அப்புறம் எலும்பு. உடம்பில் 206 எலும்பு. ஒன்றைக் கையில் கொடுத்து "எந்தப் பக்கத்து எலும்பு?" என்று கேட்பதுதான் வைவா என்ற வாய்மொழித் தேர்வின் முதல் கேள்வி. காறை எலும்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு முனை தட்டையாக இருந்தால் அது தோள் பக்கம். உருண்டு தடித்த முனை நெஞ்சுப் பக்கம். அடிப்பக்கம் விரலால் தடவினால் ஒரு பள்ளம் தட்டும். நெஞ்சுப் பக்கத்து வளைவு முன்னால் புடைத்திருக்க வேண்டும். இந்த மூன்றும் சேர்ந்தால் வலதா இடதா என்று சொல்லிவிடலாம். ராத்திரி பதினொரு மணிக்கு மின்சாரம் போன சமயம், ஒரு பெண் மொட்டை மாடியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு அந்த எலும்பைத் திருப்பித் திருப்பித் தடவிக்கொண்டிருந்தாள். "வெளிச்சம் இல்லாததும் நல்லதுதான் ஆன்ட்டி, கை கத்துக்குது" என்றாள்.

வார்டுக்குப் போன பிறகுதான் காதின் முறை வரும். முதல் சோதனையே பேச்சுதான்.

பாடம் முழுக்க ஆங்கிலத்தில். நோயாளி பேசுவதோ குமரித் தமிழ். அதுவும் ஒரே மாதிரி இல்லை; தோவாளைப் பக்கம் ஒன்று, கடற்கரையில் ஒன்று, விளவங்கோட்டுக்குப் போனால் மலையாளம் கலந்த வேறொன்று. 1956 நவம்பர் 1 அன்று இந்த மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அதுவரை திருவிதாங்கூர், பிறகு திருவிதாங்கூர்-கொச்சி. நாக்கில் இரண்டு மொழியும் இருப்பதில் ஆச்சரியம் இல்லை. எல்லைப் பக்கத்திலிருந்து வருகிற பாட்டி "பனி" என்றால் அது காய்ச்சல். மார்கழிப் பனி என்று எடுத்துக்கொண்டு, "குளிரில் வெளியே போனீர்களா?" என்று கேட்கிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். "ஓக்கானம்" என்றால் குமட்டல். "தீனம்" என்றால் நோய்.

"வலிவு" என்ற சொல்தான் ரொம்ப மோசம். மாடியில் இருந்த தருமபுரிப் பையன் ஒருவன், வார்டில் ஒரு வயதான அம்மாவிடம் கேஸ் எடுத்தான். "நெஞ்சில வலிவு மக்களே" என்று அவர் சொல்ல, இவன் நெஞ்சுவலி என்று எழுதிக்கொண்டு, வலி இடது கைக்குப் பரவுகிறதா, தாடைக்குப் போகிறதா என்று வரிசையாகக் கேட்டிருக்கிறான். அந்த அம்மா எல்லாவற்றுக்கும் இல்லை இல்லை என்று தலையாட்டியிருக்கிறார். ரவுண்ட்ஸுக்கு வந்த பேராசிரியர் நோட்டைப் பார்க்கவில்லை. "ஸ்டெதஸ்கோப்பைக் கீழே வை. கட்டிலுக்குப் பக்கத்தில் சும்மா ஒரு நிமிஷம் நில்" என்றாராம். நின்றபோது, மூச்சு விடும்போதெல்லாம் மெல்லிய விசில் சத்தம் கேட்டது. வலிவு என்றால் இளைப்பு, மூச்சிரைப்பு. அன்றைக்கு ராத்திரி என்னிடம் வந்து உட்கார்ந்து, இந்த ஊர்ச் சொற்களை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டான். நோட்டின் அட்டையில் "பாடம்" என்று மட்டும் எழுதினான். இப்போது கல்லூரியில் சேர்ந்தவுடனே நடத்துகிற அறிமுக வகுப்புகளில் உள்ளூர் மொழிக்கும் இடம் இருக்கிறது. தமிழ்ப் பிள்ளைகளுக்கும் அது தேவை என்பதைக் குமரியில் வேலை பார்த்தவர்கள்தான் அறிவார்கள்.

நோயாளியைப் பரிசோதிக்கும் வரிசையும் நாலு படி: பார்ப்பது, தொடுவது, தட்டுவது, கேட்பது. இதில் மூன்றாவது படி பிள்ளைகளுக்கு ரொம்ப நாள் பிடிபடாது. இடது கை நடுவிரலை நெஞ்சில் அழுத்தி வைத்து, வலது கை நடுவிரலால் அதன்மேல் தட்ட வேண்டும். நுரையீரலில் காற்று இருந்தால் கணீரென்று வரும். நீர் கோத்திருந்தால் மரக்கட்டையில் தட்டினது போல மொத்தென்று இருக்கும். வியன்னாவில் வைத்தியம் பார்த்த ஆவுன்புருக்கர் என்பவர் 1761இல் இந்த முறையை எழுதி வெளியிட்டார். அவர் அப்பா விடுதி நடத்தியவர். பீப்பாயில் ஒயின் எவ்வளவு இருக்கிறது என்று தட்டிப் பார்ப்பதைச் சின்ன வயதில் பார்த்துப் பழகியிருந்தார் என்று சொல்வார்கள். எங்கள் ஊரில் பீப்பாய்க்கு வேலை இல்லை, பலா இருக்கிறது. எங்கள் புறவாசலில் நிற்கிற மரத்தில் காய் விளைந்ததா என்று நான் தட்டிப் பார்ப்பதை, மூன்றாம் வருடம் படித்த ஒருத்தி படியில் நின்று பார்த்தாள். இறங்கி வந்து அவளும் தட்டினாள். முற்றாத காய் ஒரு மாதிரி, முற்றினது ஒரு மாதிரி. அரை மணி நேரம் ஒவ்வொரு காயாகத் தட்டிவிட்டு, "இதை ஏன் முதல் நாளே சொல்லித் தரல்ல?" என்று கேட்டாள்.

வார்டுக்கு வெளியேயும் கேட்கிற வேலை இருக்கிறது. சில வருடங்களாக, ஒவ்வொரு மாணவரும் கிராமத்தில் சில குடும்பங்களைத் தத்தெடுத்துப் படிப்பு முடிகிற வரை போய் வர வேண்டும் என்று விதி வந்திருக்கிறது. ரத்த அழுத்தம் பார்ப்பது, சர்க்கரை பார்ப்பது, தடுப்பூசி அட்டையைப் பார்ப்பது என்று தாளில் எழுதியிருக்கும். அங்கே போனால் சனங்கள் கேட்கிற கேள்வி வேறு. மணவாளக்குறிச்சிப் பக்கம் போன பிள்ளைகளிடம், "இந்த மண்ணால புற்று வருமா டாக்டர்?" என்று கேட்பார்கள். அந்தக் கடற்கரை மணலில் மோனசைட் என்ற கனிமம் இருக்கிறது, அதில் கதிர்வீச்சு விடுகிற தோரியம் இருக்கிறது. இயற்கையான கதிர்வீச்சு மற்ற இடங்களைவிட அதிகம். இதே மாதிரி மண் உள்ள கேரளக் கருநாகப்பள்ளியில் பல ஆயிரம் பேரை வருடக்கணக்கில் தொடர்ந்து பார்த்த ஆய்வில், இந்தக் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை. இதைச் சொன்னால் மட்டும் போதாது. கேட்கிறவர் வீட்டில் யாருக்கோ புற்று வந்திருக்கும், அதனால்தான் கேட்கிறார். அதை முதலில் கேட்டுவிட்டுத்தான் ஆய்வைப் பற்றிப் பேச வேண்டும். முந்திக்கொண்டு பதில் சொன்ன பிள்ளைகளுக்கு அடுத்த தடவை அந்த வீட்டில் சாயா கிடைக்கவில்லை.

இன்னொன்று, ஆசான்மார் என்கிற நாட்டு வைத்தியர்கள். குமரியில் வர்மமும் எலும்புக் கட்டும் இன்றும் உயிரோடு இருக்கின்றன. கை முறிந்தால் பலர் முதலில் போவது ஆசானிடம். கட்டு இறுகி, விரல் நீலம் பாரித்து, தொட்டால் உணர்ச்சி இல்லாமல் வார்டுக்கு வந்தவர்களை நானே பார்த்திருக்கிறேன். அது கையையே இழக்க வைக்கும் ஆபத்து. ஆனால் "எதுக்கு அங்க போனீங்க?" என்று ஒரு அதட்டல் போட்டால், அடுத்து வருகிறவர் போனதையே மறைத்துவிடுவார். எத்தனை மணிக்குக் கட்டினார்கள், என்ன எண்ணெய், என்ன குடித்தார்கள் என்ற தகவல் போய்விடும். "முதல்ல எங்க காட்டினீங்க?" என்று குரல் உயராமல் கேட்கத் தெரிந்த பையன், என் கணக்கில், பாதி டாக்டர் ஆகிவிட்டான். பயிற்சி வருடத்தில் இந்திய மருத்துவ முறைகளில் ஒரு வாரம் போய்ப் பழகவும் வாய்ப்பு இருக்கிறது. இதே மாவட்டத்தில் கோட்டாறும் முஞ்சிறையும் இருக்கும்போது பிள்ளைகள் அந்த வாரத்தை வீணாக்கக் கூடாது.

சரி, இந்தப் பிள்ளைகளின் ஓய்வு நேரத்துக்கு வருவோம். கேட்கிறவர்களுக்கு இது ஆடம்பரமாகத் தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 2024இல் தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு நாடு முழுக்க மருத்துவ மாணவர்களிடம் ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. பதில் சொன்ன 25,590 இளநிலை மாணவர்களில் 27.8 சதவீதம் பேர் தங்களுக்கு மனநலப் பாதிப்பு இருப்பதாகச் சொன்னார்கள். நாலில் ஒருவருக்கு மேல். என் மாடியில் எட்டுப் பேர் இருந்தால் இரண்டு பேர் என்று அர்த்தம். அதைப் படித்த நாளிலிருந்து, இரண்டு நாள் சேர்ந்தாற்போல யாராவது கீழே இறங்கி வரவில்லை என்றால் நான் ஏறிப் போய்விடுவேன். முட்டி வலியைப் பார்க்க மாட்டேன்.

அந்தப் பிள்ளைகளைப் பிடித்து நிறுத்துவது பெரிய சுற்றுலா ஒன்றும் இல்லை. வருடத்துக்கு ஒரு தடவை திற்பரப்பு அருவியும் மாத்தூர் தொட்டிப்பாலமும் பார்க்கப் போவார்கள். அது போட்டோவோடு முடிந்துவிடும். வாரா வாரம் நடக்கிற சின்னக் காரியங்கள்தான் வேலை செய்கின்றன. சாயங்காலம் பழம்பொரியும் சாயாவும். கடற்கரை ஊர்ப் பிள்ளைகள் ஒரு பந்து கிடைத்தால் போதும், இருட்டுகிற வரை கால்பந்து. ஒருத்தி ஞாயிற்றுக்கிழமைப் பாடகர் குழுவில் ஆல்டோ என்ற தாழ்ந்த பெண் குரல் பகுதியைப் பாடினாள். நாலு குரலில் தன் குரலைத் தனியாகப் பிடித்து நிறுத்திப் பழகினதால்தான் இதயத்தின் இரண்டு சத்தத்துக்கு நடுவில் வருகிற முணுமுணுப்பு சீக்கிரம் காதில் விழுந்தது என்று அவளே சொன்னாள். இன்னொரு பையன் விடுமுறை நாளில் விடியற்காலை தேரூர் குளத்துக்குப் போய்விடுவான். சுசீந்திரம் - தேரூர் ஈரநிலம் 2022இல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்த இடம். தாமரை இலைக்கு மேலே நடக்கும் இலைக்கோழியைப் பார்ப்பதைவிட, நாணலுக்குள் மறைந்திருப்பதைச் சத்தத்தை வைத்துச் சொல்வதுதான் அவனுக்குப் பெருமை.

வெளி மாவட்டப் பிள்ளைகளுக்கு எங்கள் உள்ளூர் விடுமுறைகளும் புதிது. டிசம்பரில் கோட்டாறு சவேரியார் திருவிழா, மார்கழியில் சுசீந்திரம் தேர், மாசியில் மண்டைக்காடு கொடை. எல்லா மதத்துப் பிள்ளைகளும் எல்லாவற்றுக்கும் போவார்கள். திருவிழாக் கூட்டத்தில் மயங்கி விழுந்தவரைத் தூக்கி நிறுத்தப் போய், "நீங்க டாக்டரா?" என்ற கேள்வியை முதல் தடவை சந்தித்ததும் அங்கேதான் என்று ஒருத்தி சொன்னாள். "இன்னும் இல்லை, ஆனா காலைத் தூக்கிப் பிடிங்க" என்றாளாம்.

வேறொரு ஆர்வம் இருந்தால் படிப்பு கெடும் என்று பயப்படுகிற பெற்றோரிடம் நான் நெய்யூர் டாக்டர் சாமர்வெல்லைப் பற்றிச் சொல்வேன். நெய்யூரில் மிஷன் வைத்தியம் 1838இலேயே தொடங்கிவிட்டது. ஹோவர்ட் சாமர்வெல் அங்கே வந்தது எவரெஸ்ட் வழியாக. 1922இல் எவரெஸ்ட் ஏறப் போன பிரிட்டிஷ் குழுவில் இருந்தார். அது முடிந்து இந்தியாவைச் சுற்றிப் பார்க்க வந்தவர், நெய்யூரில் காத்துக் கிடந்த நோயாளிக் கூட்டத்தைப் பார்த்தார். லண்டனில் நல்ல வேலை காத்திருந்தது. அதை விட்டுவிட்டு இங்கே வருவது என்று முடிவெடுத்தார். 1924இல் மறுபடியும் எவரெஸ்ட். ஆக்சிஜன் இல்லாமல் 28,000 அடி உயரம் வரை போனவர், தொண்டை அடைத்து மேலே போக முடியாமல் நின்றார். இறங்கும் வழியில் மூச்சே நின்றுபோகிற நிலை. இரண்டு கையாலும் தன் நெஞ்சைத் தானே ஓங்கி அழுத்தினார். குளிரில் வெந்து உரிந்திருந்த தொண்டையின் உட்சவ்வு ரத்தத்தோடு வெளியே வந்து விழுந்தது. மூச்சு வந்தது. அப்புறம் இருபது வருடத்துக்கு மேல் நெய்யூரில் கத்தி பிடித்தார். பிற்பாடு வேலூரில் மாணவர்களுக்கு அறுவைச் சிகிச்சை சொல்லிக் கொடுத்தார். அவர் நல்ல ஓவியர். சங்கீதமும் தெரியும், திபெத்தில் கேட்ட நாட்டுப்பாட்டுகளைக் காதால் கேட்டே இசைக்குறிப்பாக எழுதி வைத்தார். அத்தனையும் ஒரே ஆள். மலையும் தூரிகையும் பாட்டும் அந்த டாக்டரிடமிருந்து எதையும் எடுத்துக்கொள்ளவில்லை.

கடைசி ஒரு வருடம், பயிற்சி மருத்துவர். ஹவுஸ் சர்ஜன் என்று நாங்கள் சொல்வோம், இப்போதைய பிள்ளைகள் சி.ஆர்.ஆர்.ஐ. என்பார்கள். விடிவதற்கு முன்பே ரத்தம் எடுப்பது, ஊசி மருந்துக்கு லைன் போடுவது, இ.சி.ஜி., டிஸ்சார்ஜ் சம்மரி. ஓடி ஓடிக் கால் வீங்கும். கடலோரத்திலிருந்து திருக்கை முள் குத்தி வருவார்கள். தாங்குகிற சூட்டில் வெந்நீரில் காலை வைத்தால் அந்த விஷத்தின் கடுப்பு இறங்கும். இதைப் புத்தகத்தில் படிப்பதற்கு முன்னால் மீனவரிடமிருந்தே தெரிந்துகொண்ட பிள்ளைகள் அதிகம்.

மலையோரத்திலிருந்து வருவது பாம்புக்கடி. பேச்சிப்பாறை, கீரிப்பாறை, குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டங்களில் விடிவதற்கு முன்பே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால் வெட்டப் போவார்கள். தரை முழுக்கச் சருகு. நான் வேலையிலிருந்த கடைசி வருடங்களில் ஒரு நாள், காலை ஐந்து மணிக்குக் காலில் கடியோடு ஒருவரைக் கொண்டு வந்தார்கள். பாம்பைப் பார்க்கவில்லை. பணியில் இருந்தது ஒரு சின்னப் பெண், பயிற்சி தொடங்கி இரண்டே மாதம். மூத்த டாக்டர் வந்து பார்த்துவிட்டு, என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டு அடுத்த அவசரத்துக்குப் போய்விட்டார்.

அவள் அவருடைய ரத்தக்குழாயிலிருந்து ரத்தம் எடுத்து, புதுக் கண்ணாடிக் குழாயில் விட்டு, ஸ்டாண்டில் வைத்து மணியைப் பார்த்தாள். சோப்புப் போட்டுக் கழுவின குழாய் ஆகாது, முடிவைத் தப்பாகக் காட்டிவிடும். இருபது நிமிடம் அதைத் தொடவும் ஆட்டவும் கூடாது. பிறகு சாய்த்துப் பார்க்க வேண்டும். உறையாமல் ஓடினால் கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் மாதிரியான பாம்பின் விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது என்று அர்த்தம். உடனே விஷமுறிவு மருந்து ஏற்ற வேண்டும். நம் நாட்டு மருந்து நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலுக்கும் சேர்த்துத் தயாரிக்கிறார்கள்; மேற்குத் தொடர்ச்சி மலையில் மூக்கு தூக்கிக்கொண்டிருக்கும் ஒரு சிறிய குழிவிரியன் உண்டு, அதற்கு இது வேலை செய்யாது. அதனால் ஊரும் தோட்டமும் எது என்பதும் கேட்டு எழுத வேண்டிய விஷயம்.

உறைந்தாலும் ஆபத்து நீங்கிவிட்டது என்று சொல்ல முடியாது, மறுபடியும் எடுத்துப் பார்க்க வேண்டும். கட்டு விரியனாக இருந்தால் ரத்தம் நன்றாகவே உறையும். இமை சரியும், பேச்சு குழறும், மூச்சுத் தசை தளரும். அதைக் கண்டுபிடிக்க ஓர் எளிய வழி இருக்கிறது. ஒரே மூச்சில் எவ்வளவு எண்ண முடிகிறது என்று கேட்பது. அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர் தலைமாட்டில் உட்கார்ந்தாள். "அண்ணே, மூச்சை இழுத்துக்கிட்டு எண்ணுங்க." அவர் எண்ணினார். முப்பத்தொன்று. எழுதிக்கொண்டாள். வீட்டில் யார் இருக்கிறார்கள், எத்தனை மரம் வெட்டுவார் என்று பேச்சுக் கொடுத்தாள். குரல் மாறுகிறதா என்று கவனிப்பதற்கும் அதுதான் வழி. குழாயைச் சாய்த்தாள். உறைந்திருந்தது. இன்னொரு குழாயை எடுத்து வைத்தாள். மறுபடியும் எண்ணச் சொன்னாள். இருபத்தொன்பது. அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன், அவர் பார்க்கவில்லை. "பேசிக்கிட்டே இருந்தா மூச்சு வாங்காதா, கொஞ்சம் பொறுத்து எண்ணுங்க" என்றாள். இரண்டு நிமிடம் கழித்து, முப்பத்திரண்டு.

எட்டு மணிக்கு ட்யூட்டி மாறியது. அடுத்தவனிடம் எல்லாம் ஒப்படைத்துவிட்டு அவள் வீட்டுக்குப் போகவில்லை. அதே ஸ்டூலில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, அவர் எண்ணுவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.